அன்னாமேரி எழுதவேண்டிய பகுதி

பத்தாம் வகுப்பு அல்ல, அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷில் அக்காவும் தங்கையும் சேர்ந்தே கோட்டை விட்டார்கள். அக்டோபரில் மறுபடி எழுதுவதென்று முடிவானது. பாஸானால் இரண்டு பேரும் நர்ஸ் படிப்புக்குப் போகலாம்.

அக்கா அன்னாமேரிதான் வழி கண்டுபிடித்தாள். அடுத்தடுத்த நம்பர், அடுத்தடுத்த மேசை. கட்டுரையும் கடிதமும் தங்கை செலின் மேரி படிப்பது. இரண்டு வாக்கியங்களை 'இன் விச்', 'டு ஹூம்' என்று போட்டு ஒன்றாக்குகிற பகுதி தன்னுடையது. ஹாலில் கொஞ்சம் கழுத்தை நீட்டினால் போதும்.

"மாட்டிக்கினா?" என்றாள் செலின்.

"ஒன்னப் பாத்தா காப்பியடிக்கிற மூஞ்சின்னு யாரு சொல்லுவா? மாதா கோயில்ல மெழுகுவர்த்தி ஏத்துற மூஞ்சிடி."

செப்டம்பரில் அன்னாமேரிக்கு டைபாய்டு வந்தது. படுத்த படுக்கையில் அவள் பேச்சு மாறிப்போனது.

"என் பகுதியையும் கத்துக்கடி. நா வர முடியலன்னா இன்னா பண்ணுவ?"

"வராம எங்க போவ?"

"சொல்றதச் செய். இது வூடு, இதுல நாம இருக்கோம். இங்கிலீஷ்ல சொல்லு."

"திஸ் இஸ் த ஹவுஸ். வி லிவ் இன் இட்."

"கடைசியில தொங்குற 'இன்'னப் புடிச்சி இழுத்தாந்து 'விச்'சுக்கு முன்னால உக்கார வை. ஒன்ன மாரியே அதுவும், எப்பப் பாரு பின்னாலயே தொங்கும்."

"திஸ் இஸ் த ஹவுஸ் விச் வி லிவ்."

"'இன்' எங்கடி போச்சி?"

'இன்' எங்கேயும் போகவில்லை. செலினுக்கு அது முதல் நாளே பிடிபட்டுவிட்டது. இதைத் தான் கற்றுக்கொண்டால் அக்கா எழுந்து வரவேண்டிய அவசியம் இல்லாமல் போய்விடும் என்று ஒரு பயம். அதனால் கேட்டபோதெல்லாம் தப்பாகவே சொன்னாள். மூச்சு வாங்க வாங்க அக்கா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"நீ தேற மாட்ட, கழுத," என்றாள் ஒருநாள் சாயங்காலம், சிரித்துக்கொண்டே. மறுநாள் அவளுக்கு நினைவு தப்பியது. மாதம் முடிவதற்குள் அடக்கமும் ஆனது.

"மார்ச்சுல எழுதிக்கலாம்மா," என்றார் அப்பா தனிஸ்லாஸ். செலின் கேட்கவில்லை. பரீட்சையன்று அவரே வில்லியனூரில் பஸ் ஏற்றிவிட்டார்.

பக்கத்து மேசையில் சாக்பீஸால் அக்காவின் நம்பர் எழுதியிருந்தது. ஹால் சூப்பர்வைசர் அங்கேயும் ஒரு கேள்வித்தாளை வைத்து, காற்றில் பறக்காமல் டஸ்டரைத் தூக்கி மேலே வைத்தார்.

"இந்தப் பொண்ணு வருதாம்மா?"

செலின் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, அரை மணி நேரம் பாக்கலாம்."

கட்டுரையை எழுதினாள், கடிதத்தை எழுதினாள். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் வாசலைப் பார்த்தாள். அந்தத் தாள் பக்கத்தில் இருக்கும்வரை அக்காவின் பகுதியை அவள் தொடவில்லை.

அரை மணி முடிந்து மணி அடித்தது. சூப்பர்வைசர் டஸ்டரை நகர்த்தித் தாளை எடுத்துக்கொண்டு போனார்.

செலின் பக்கத்தைத் திருப்பினாள். முதல் வாக்கியத்தைச் சேர்த்தாள், சரியாக வந்தது. இரண்டாவதும் வந்தது. ஒன்றிலாவது தப்பு வந்துவிடாதா என்று பார்த்துப் பார்த்து எழுதினாள். கடைசிவரை எதுவும் தப்பாகவில்லை.