நல்லம்மாளின் பிடியரிசி

1931ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், செந்தூல் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னாலிருந்த கிறிஸ்தவக் கோயிலின் பெஞ்சுகள் ஆட்களைப் பிரிக்கத் தொடங்கின. கடைசி நியாயத்தீர்ப்பு நாளில் பரலோகத்துக்குப் போகும் செம்மறியாடுகள் வலப்பக்கம், நரகத்துக்குப் போகும் வெள்ளாடுகள் இடப்பக்கம் என்று உபதேசியார் ஜெயராஜ் வாசித்ததும் அவை லேசாகச் சாய்ந்து, சிலரை வலப்பக்கமும் பலரை இடப்பக்கமும் சறுக்கவிட்டன. வாசித்து முடித்து உட்கார்ந்த ஜெயராஜும் இடப்பக்கம்தான் போனார். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்ற ஒழுங்கு கெட்டதே என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பெஞ்சுகள் அதைப் பொருட்படுத்தாமல் ஞாயிறு தவறாமல் தங்கள் வேலையைப் பார்த்தன.

பட்டறைத் தொழிலாளியின் மனைவி நல்லம்மாள் மட்டும் ஐந்து வாரமாகக் காய்ச்சல் என்று வீட்டோடு இருந்துவிட்டாள். சபையில் எல்லா வீட்டிலும் உலை வைக்கும்போது கர்த்தருக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு, அறுப்புப் பண்டிகையன்று கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அந்த வருஷம் ரப்பர் விலை விழுந்ததில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டவர்கள், கடல் தாண்டியிருந்த சொந்த ஊருக்குக் கப்பலேறக் காத்து, ஸ்டேஷன் ஓரத்தில் பட்டினி கிடந்தார்கள். நல்லம்மாள் அந்தப் பானையிலிருந்து அள்ளித்தான் ஏழு மாதமாக அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றினாள். கர்த்தர் சொத்தைத் திருடியவளுக்கு நரகம்தான் என்று அந்தப் பெஞ்சுகளின் பக்கமே போகாமலிருந்தாள்.

பண்டிகையன்று ஒளிய வழியில்லை. காலிப் பானையோடு போனவள், பெஞ்சுக்கு வேலை வைக்காமல் தானே இடப்பக்கம் உட்கார்ந்தாள்.

"ஐயா, கர்த்தருக்கு வெச்ச அரிசிய எடுத்து ஸ்டேஷன்ல கெடக்கறவங்களுக்கு ஊத்திட்டேன். அவருக்கு ஒரு மணிகூட மிச்சம் இல்ல."

ஜெயராஜ் வாய் திறப்பதற்குள் பெஞ்சு அவளைச் சுமந்தபடி எழும்பி, வலப்பக்கத்து முதல் வரிசைக்குப் போய் நின்றது. அவர் பானையைக் கவிழ்த்துப் பார்த்தார். காலிதான். ஆனால் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியதுபோல் சுட்டது.

"பசிச்சவங்களுக்கு ஊத்துனது அவருக்கே போய்ச் சேந்துருச்சும்மா," என்றார்.

"ஸ்தோத்திரம் சாமி, ஸ்தோத்திரம்," என்று நல்லம்மாள் முந்தானையில் முகம் புதைத்து அழுதாள். இத்தனை பெரிய நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாளே ஜெயராஜ் தன் வீட்டுப் பானையோடு ஸ்டேஷனுக்கு வந்தார். இடப்பக்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் வந்தார்கள். அடுத்த வருஷத்துக்குள் இடப்பக்கம் காலியாகிவிட்டது. சும்மா கிடந்த பெஞ்சுகளைத் தூக்கிப்போய், கஞ்சி குடிக்கிறவர்கள் உட்காரப் போட்டார்கள். அங்கே அவை யாரையும் பிரிக்கவில்லை.