திரை தைக்கும் கடையில் இரண்டு மௌனங்கள்

1

இந்தக் கதை என் வீட்டு ஜன்னலில் கிடைத்தது. திரைக்கு அளவெடுக்க வந்தவள் சொன்னது. சொல்லும்போது அவள் ஸ்டூலில் நின்றிருந்தாளா, ஏணியிலா, எனக்கு நிச்சயமில்லை. அவள் சொன்னதில் பாதியை மறந்துவிட்டு, மறந்த இடங்களை நானே ஒட்டுப்போட்டு மூடியிருக்கிறேனோ என்ற சந்தேகமும் உண்டு. கழுத்தில் மஞ்சள் டேப் தொங்கியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: அன்று காலையிலிருந்தே மழை

மழை பெய்யவில்லை. எழுத உட்கார்ந்தாலே எனக்கு மழை வந்துவிடுகிறது.

2

திரைச்சீலை தைக்கும் கடையில் அவளுக்கு வீடு வீடாகப் போய் அளவெடுக்கும் வேலை. வேன் ஓட்டும் கணவன் கால் முறிந்து மாவுக்கட்டோடு கிடந்தான். இனி அவள் சம்பளத்தில்தான் வீடு ஓட வேண்டும். கூட்டிக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் இதற்குமுன் வேலை பார்த்த இரண்டு இடங்களிலும் அவள் கேட்டிருக்கிறாள். இரண்டிலும் முடியாது என்றார்கள். இரண்டிலும் அந்த நிமிடமே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியேறிவிட்டாள்.

"கேளு, வேணாங்கல," என்றான் கணவன். "இல்லன்னு சொன்னா பையத் தூக்கிட்டு வந்து நிக்காத."

"நான் என்ன அவ்வளவு கோவக்காரியா?"

"நீ இல்ல. உன் பை."

அன்று பையை வீட்டிலேயே வைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவை வெறுங்கையில் பிடித்துக்கொண்டு போனாள்.

(இந்தப் பை விஷயத்தை நான் முதலில் நம்பவில்லை. கேட்பவனுக்காகச் சேர்த்துச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.)

3

அந்தக் கடையில் ஒரு பாடம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த வாரமே முதலாளியம்மா சொல்லிக்கொடுத்தது. வாடிக்கையாளரிடம் விலையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசினாலும் விலை இறங்கும்.

முதலாளியம்மா நீளமேசையில் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"மேடம், சம்பளம் கொஞ்சம் கூட்டிக் குடுக்கணும்."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"இப்போ முடியாதும்மா."

முதலாளியம்மாவும் வாயை மூடிக்கொண்டார்.

ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு மௌனங்கள். கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது. மூலையில் இஸ்திரி போடும் அண்ணன் பெட்டியைத் தூக்கிய கையோடு இவர்களையே பார்த்தார்.

* இந்த இடத்தில் மௌனத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். எனக்கு ரொம்பப் பிடித்த பத்தி. அங்கே நின்றவளுக்குத் தத்துவம் எதுவும் தோன்றியிருக்காது, மாவுக்கட்டுப் போட்ட கால்தான் தோன்றியிருக்கும். எடுத்துவிட்டேன்.

"யாராச்சும் பேசுங்கம்மா," என்றார் இஸ்திரி அண்ணன். "எனக்குக் கை வலிக்குது."

4

ஒரு பிரதியில் அவள் டேப்பைக் கழற்றி மேசையில் வீசுகிறாள். படிக்கிற நீங்கள் கைதட்டுவீர்கள். மறுநாள் காலையில் அவள் எங்கே போவாள்? இன்னொன்றில் அழுகிறாள், முதலாளியம்மா மனம் இளகுகிறார். இரண்டு பேருமே அப்படிப்பட்டவர்கள் இல்லை. மூன்றாவதில், அவள் தலை நிமிர்ந்து

வேண்டாம். நடந்தது இதுதான். அவள் கை தானாகத் தோளுக்குப் போனது. அங்கே பை இல்லை. தடவிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து மேசையில் ஊன்றிக்கொண்டது.

"சரி மேடம். இப்போ ஏன் முடியாதுன்னு சொல்லுங்க. நான் என்ன பண்ணா முடியும்?"

முதலாளியம்மா மேசைக்கடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்துப் போட்டார். திரும்பி வந்த திரைகள். எல்லாமே தரைக்கு எட்டாமல் நாலு விரல் குட்டை.

"என் அளவு சரி மேடம். நான் பென்சில்ல குறிச்ச இடத்துல கம்பிய மாட்டல. மேல ஏத்திட்டாங்க."

"தெரியும். மாட்டுறவங்க வெளியாளுங்க. சுவரு கெட்டியா இருந்தா, எங்க சுலபமா இறங்குதோ அங்க ஓட்ட போட்டுடுறாங்க. திரும்பத் தைக்கிறது என் தலையில. உனக்குக் குடுக்க வேண்டியது இந்த மூட்டைக்குள்ளதான் கிடக்கு."

அவள் மூட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அப்போ கம்பியையும் நானே மாட்டுறேன். மூணு மாசம் பாருங்க. மூட்ட சின்னதாச்சுன்னா மறுபடி வந்து கேப்பேன்."

"டிரில்லிங் மெஷின் பிடிச்சிருக்கியா?"

"இல்ல."

"பேச்சப் பாரு!"

"அதான் மூணு மாசம் இருக்கே மேடம்."

5

வாடகை வீட்டுச் சுவரில் டிரில்லிங் மெஷின் பிடிக்க, கணவன்தான் நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்லிக்கொடுத்தான்.

"நேரா பிடி. நேரா! சுவருக்குக் கூசுமேன்னு பாக்காத."

"வீட்டுக்காரர் பாத்தா என்னங்க சொல்வாரு?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அந்த ஓட்ட வழியாவே நம்மள வெளிய அனுப்பிடுவாரு."

மூன்று மாதம் கழித்து அதே மேசை. மூட்டை இருந்த இடத்தில் ஒரே ஒரு திரை கிடந்தது. அதுவும் நிறம் பிடிக்காமல் திரும்பி வந்தது. அவள் கேட்டாள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். முதலாளியம்மா அவளைப் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டார். இஸ்திரி அண்ணன் இந்த முறை பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

யார் முதலில் பேசினார்கள்? அவள் எனக்குச் சொன்னாள். நான் சரியாக நினைவு வைத்திருக்கிறேனா என்பதில்தான் சந்தேகம். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன், இரண்டும் பொருந்துகின்றன. அந்த ஒரு வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

மற்றதெல்லாம் எனக்குத் தெரியும். சம்பளம் கூடியது, அவள் கேட்டதைவிடக் குறைவாக. மிச்சத்தை அடுத்த வருடம் கேட்பதாக அப்போதே சொல்லிவைத்துவிட்டாள். முதலாளியம்மா இப்போது வெளியாட்களைக் கூப்பிடுவதில்லை. இஸ்திரி அண்ணன் தானும் கேட்டுப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். கணவன் மறுபடி வேன் ஓட்டுகிறான், லேசாகத் தாங்கித் தாங்கி நடக்கிறான். என் ஜன்னல் திரை தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. என் திரைக்கு வெட்டியதில் மிஞ்சி அவளிடம் இருந்த துணியை வாங்க ஒருமுறை அவள் வீட்டுக்குப் போனேன். சுவர் முழுக்கக் கோணல்மாணலாகத் துளைகள். அவள் முதன்முதலில் போட்ட துளையில் ஒரு கொக்கி. அதில் பை தொங்குகிறது.