டிலானியின் நூற்றுக்கு நூறு வரவு

சான்றிதழ் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. நிகழ்நிலை வகுப்புகளில் நூற்றுக்கு நூறு வரவு என்று தங்க எழுத்தில் அச்சடித்து, யோ. டிலானி, தரம் மூன்று என்று பெயரும் எழுதி, கல்விப் பணிமனையின் முத்திரை குத்தியிருந்தார்கள். ஹேவாஹெட்டவில் அந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது அது ஒன்றுதான்.

டிலானி இறந்து ஒன்றேகால் வருடம் ஆகியிருந்தது.

நிஷாந்தினி டீச்சர் சான்றிதழை இரண்டு தடவை வாசித்தாள். பிழை தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். கொரோனாவில் நாடே மூடிக் கிடந்தபோது தூரத்தில், குண்டசாலையில் தன் வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் பாடம் அனுப்பினாள். தோட்டத்தில் நாலு வீட்டுக்கு ஒரு போன். சிக்னல் கிடைக்கிற நேரம் டேட்டா முடிந்திருக்கும். பணிமனைக்கு அதைப் பற்றி என்ன கவலை, வாராவாரம் வரவு விவரம் போய்ச் சேர்ந்தால் சரி. பதிவை யார் யார் திறந்தார்கள் என்று போன் காட்டும். அதைப் பார்த்து வரவு இடாப்பில் அடையாளம் போட்டாள். ஒரு நாளும் தவறாமல் திறந்தது டிலானி வீட்டு இலக்கம் மட்டும்தான். கெட்டிக்காரி என்று பெருமைப்பட்டாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்றுதான் அதிபர் ராஜலிங்கம் விஷயத்தைச் சொன்னார். பயணத்தடை நேரம் காய்ச்சல், வாகனம் கிடைப்பதற்குள் பிள்ளை போய்விட்டது. இடாப்பைப் புரட்டிப் பார்த்தாள். செத்த பிறகும் டிலானி இருபத்தொன்பது நாள் வந்திருந்தாள். அந்த விவரம் ஏற்கெனவே பணிமனைக்குப் போய்விட்டிருந்தது.

அதோடு விட்டதா, இல்லை. பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில் பள்ளிக்கூடம் மறுபடி மூடியது. முதல் பாடத்தை அனுப்பிவிட்டுப் பார்த்தாள். பிள்ளையின் பெயரிலேயே சேமித்து வைத்த இலக்கம். எல்லோருக்கும் முன்னால் பார்த்தது டிலானி என்று போன் சொன்னது. பயந்து போனைக் கவிழ்த்து வைத்தாள். மறுநாளும் அப்படியே. இலக்கத்தை நீக்கிவிடலாம் என்று விரலை வைப்பாள், துணிவு வராது.

"இந்தச் சான்றிதழைக் கிழிச்சிப் போட்டுட்டு வேலையைப் பாருங்க டீச்சர், யாரு கேக்கப் போறா?" என்றார் அதிபர்.

கேட்க ஆளில்லைதான். ஆனால் செய்த பிழையை அந்தத் தாயிடம் ஒப்புக்கொள்ளாமல் இனி ஒரு பிள்ளைக்கும் அடையாளம் போட முடியாது என்று அவளுக்குப் பட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் சான்றிதழோடு லயத்து வரிசை வீடுகளுக்கு நடந்தாள்.

டிலானியின் அம்மா பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கதிரையைத் துடைத்துப் போட்டாள். சான்றிதழை வாங்கி, எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தாள்.

"மன்னிச்சிருங்க. புள்ள இல்லன்னு தெரியாம வந்ததா எழுதிட்டேன்," என்றாள் நிஷாந்தினி. "உங்க வீட்டுப் போனை யாரு பார்க்கிறது?"

"நான்தான் டீச்சர்."

"பாடத்தையா?"

"பாடம் எனக்கு எங்க வெளங்கும்? மொதல்ல ஒவ்வொரு பேராக் கூப்பிடுவீங்களே, அதுக்குத்தான். பேரைச் சொல்லிட்டு, புள்ளைங்க பதில் சொல்லட்டும்னு கொஞ்சம் நிப்பாட்டுவீங்க. அந்த நேரத்துல வந்திருக்கேன் டீச்சர்னு நான் சொல்லுவேன். இங்க அவ பேரை எடுத்தாலே அவங்கப்பா எந்திரிச்சி வெளிய போயிருவாரு. லயத்துலயும் யாரும் சொல்றதில்ல. நீங்க ஒருத்தர்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க."

நிஷாந்தினி தலை குனிந்தாள்.

"பொறகு பள்ளிக்கூடம் மறுபடி மூடினப்ப நீங்களும் அவ பேரை விட்டுட்டீங்க. இருந்தாலும் ஒவ்வொண்ணையும் மொத ஆளாத் தொறந்து பார்ப்பேன், ஒருவேளை சொல்லிருவீங்களோன்னு."

இத்தனை நாளாக யாருக்குப் பயந்தோம் என்று நினைத்தபோது நிஷாந்தினிக்கு வெட்கமாக இருந்தது.

"ஒரு தடவை கூப்பிடுறீங்களா டீச்சர்?"

இருபத்தெட்டுப் பெயரையும் தடுமாறாமல் சொல்கிறவளுக்கு ஒரு பெயர் வாயில் வர வெகுநேரம் ஆயிற்று.

"டிலானி," என்றாள். வழக்கம்போல நிறுத்தினாள்.

அம்மா இந்த முறை பதில் சொல்லவில்லை. உள்ளறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். நிஷாந்தினியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.