லவோன் கேட்ட பெட்ரோல் எஞ்சின்

லவோன் வாயிலிருந்து "பெட்ரோல்" என்று வந்ததும் ஓரினுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமான நாளிலிருந்து டீசல், டீசல் என்று உயிரை வாங்கியவள் அவள். பெட்ரோல் பிக்கப்பில் குதிரை டிரெய்லரைக் கட்டி எவனாவது மலையேறினால், "ஐயோ பாவம், ஆட்டுக்குட்டியப் போய் வண்டியில பூட்டியிருக்கான் பாரு" என்று ஜன்னலை இறக்கிவிட்டுச் சிரிப்பாள். இன்றைக்கு அவளே வந்து கேட்கிறாள், பெட்ரோலாம்!

பீப்பாய்களைச் சுற்றிக் குதிரை விடும் பந்தயம் வயோமிங்கில் எந்த ஊரில் நடந்தாலும் லவோன் அங்கே இருப்பாள். வெள்ளிக்கிழமை ஆனால் போதும், மூன்று பெண்குதிரைகளையும் ஏற்றிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் பிக்ஹார்ன் மலையைத் தாண்டுவார்கள். பழைய டீசல் வண்டி போன வாரம் மலைப்பாதையிலேயே படுத்துவிட்டது. அதனால்தான் டெல்பெர்ட்டின் வண்டி விற்கும் கடைக்கு வந்திருந்தார்கள். ஓட்டிப் பார்க்கிறவர்கள் தங்கள் டிரெய்லரையே கொண்டுவந்து கட்டலாம் என்பது டெல்பெர்ட் வைத்த வழக்கம். பழக்கமில்லாத வண்டிக்குப் பின்னால் குதிரைகளை ஏற்ற லவோன் சம்மதிக்கவில்லை. அவற்றின் எடைக்கு வைக்கோல் கட்டும் தீவன மூட்டையும் அடுக்கி, பக்கத்துப் பண்ணைக்காரரின் வண்டியை இரவல் வாங்கிக் கட்டி இழுத்து வந்தார்கள்.

"வாரா வாரம் மலை ஏறுற ஆளுக்கு டீசல்தான் சரி" என்றான் டெல்பெர்ட். லவோனோடு ஒரே வகுப்பில் படித்தவன், அந்த உரிமையில் பேசினான். "ஏத்தத்துல முக்காது, இறக்கத்துல எஞ்சினே பிடிச்சு நிறுத்தும். ஆனா அதுக்குப் பாரம் வேணும். சும்மா கடைக்கும் வீட்டுக்கும் ஓட்டினா புகை வடிகட்டி அடைச்சுக்கும். நீங்கதான் விடாம இழுப்பீங்களே, உங்களுக்கென்ன?"

"பெட்ரோல். அதோ, பின்னாடி கேமரா வச்சது" என்றாள் லவோன்.

"கேமரா எதுக்கு? பின்னாடி நின்னு கைகாட்டத்தான் நீ இருக்கியே!" என்றான் ஓரின். அவனுக்கு வாய் சும்மா இருக்குமா? "போன மாசம் ரெண்டு பந்தயத்துல கோட்டை விட்டா பாரு டெல்பெர்ட், அதோட ஆளு தொங்கிப்போயிட்டா. கிழவியாயிட்டா."

"ஆமாண்டா, உன்னைக் கட்டிக்கிட்டு வேற எப்படி இருப்பா?" என்று டெல்பெர்ட் சிரித்தான். லவோனும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஓரின் சரியாகப் பார்க்கவில்லை, முட்டாள்.

டிரெய்லரைப் பெட்ரோல் வண்டிக்கு மாற்றிக் கட்டினார்கள். ஓரின் தொப்பியைக் கழற்றிக் கேமராத் திரைமேல் கவிழ்த்து வைத்தான். எனக்கெதுக்குடா இதெல்லாம் என்று திமிர். வண்டியைப் பின்னோக்கி எடுத்தான். லவோன் பின்னால் நின்று வலக்கையை அசைத்தாள், இடக்கையை அசைத்தாள், நிறுத்தச் சொல்லி முஷ்டியை மடக்கினாள். டிரெய்லரை மாட்ட வண்டியின் பின்னால் இருக்கும் கொக்கி உருண்டை டிரெய்லர் கழுத்துக்கு நேர் கீழே வந்து நின்றது. ஒரே தடவையில். ஓரின் என்றைக்கும் இரண்டாவது தடவை போனதில்லை, அது அவன் பெருமை.

இருவருமாக மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தார்கள். ஏற்றத்தில் பெட்ரோல் எஞ்சின் அலறிய அலறலில் ஓரினுக்கு எரிச்சல் மூக்குக்கு மேலே ஏறியது. "கேளு, கேளு. கழுத்த நெரிக்கிற மாதிரி கத்துது. மூணு குதிரையோட வருஷம் பூரா இத எப்படி..."

"மூணு இருக்காது. மேல வண்டிய ஓரங்கட்டு" என்றாள் லவோன்.

கணவாய் உச்சியில் புதுப்பனி விழுந்திருந்தது. எஞ்சினை அணைத்ததும் அவள் நேராகச் சொல்லிவிட்டாள்.

"கேன்சர் திரும்ப வந்திருச்சு, ஓரின். இந்தத் தடவை ஈரலுக்குப் போயிருச்சு. அடுத்த கோடை எனக்கில்லன்னுட்டாரு டாக்டர்."

போன மாதம் அவள் தோற்றது, சேணத்தைத் தூக்க முடியாமல் நின்றது, அதைப் பார்த்து அவன் கேலி பேசியது, எல்லாம் ஒன்றாக அவன் நினைவுக்கு வந்தது. எத்தனை பெரிய கழுதை நான் என்று நினைத்தான்.

"மருந்து இருக்குல்ல?"

"போன தடவை பட்டதே போதும். வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"அதெல்லாம் முடியாது. டீசலே வாங்குறோம்" என்றான் ஓரின். "இன்னைக்கே வாங்குறோம். உன்னைய எல்லாப் பந்தயத்துக்கும் கூட்டிட்டுப் போறேன். டீசல் வாங்கினா நீ..."

"டீசல் வாங்கினா நான் பிழைச்சுக்குவேனா?"

அவன் ஸ்டீயரிங்கைக் குத்தினான். பிறகு அதன்மேலேயே முகத்தை வைத்து அழுதான். அவள் அவன் பிடரியைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"நம்ம மூணு குதிரைப் பொண்ணுங்களும் எங்க போகணும்னு பேசி முடிச்சாச்சு. மிஞ்சுறது உன் கிழட்டுக் குதிரை பஸ்டர். அவன ஒருத்தன இழுக்க இது தாராளம். டீசல்னா குளிர்காலத்துல தினம் ராத்திரி எஞ்சின் உறையாம இருக்க சூடேத்துற கரண்ட் பிளக்கச் சொருகணும். நீ என்னைக்காவது சொருகியிருக்கியா? காலையில நீ சாவியப் போட்டதும் கிளம்புச்சே, தானாவா கிளம்புச்சு?"

அவனுக்கு அது அப்போதுதான் உறைத்தது. இத்தனை குளிர்காலமும் பனியில் எழுந்து போய் அதைச் சொருகியவள் அவள்.

"நான் இல்லாம நீ குளிர்ல நின்னு வண்டியோட மல்லுக்கட்டுறத என்னால நினைச்சுப் பார்க்க முடியல. எனக்காக இத வாங்கு" என்றாள். "கேமராவோட."

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டியைத் திருப்பிக் கீழே இறக்கினான். கடை வாசலில் டெல்பெர்ட் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். "என்னப்பா, டீசல்தானே? தெரியும் எனக்கு."

ஓரின் லவோனைப் பார்த்தான். ஒத்துக்கொண்டால் அவள் சாவதற்கும் ஒத்துக்கொண்ட மாதிரி. ஒத்துக்கொள்ளாவிட்டால் அவள் கடைசியாகக் கேட்டதை மறுத்த மாதிரி.

"பெட்ரோல்" என்றான்.

டிரெய்லரைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, டெல்பெர்ட்டின் ஆட்கள் வண்டியைக் கழுவிக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கிளம்ப மறுபடி கட்ட வேண்டும். ஓரின் ஏறி உட்கார்ந்தான். திரையில் டிரெய்லரும், கோடுகளும், பக்கத்தில் லவோனின் பூட்ஸும் தெரிந்தன. தொப்பியை எடுத்து அதன்மேல் கவிழ்த்துவிட்டுப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான்.

அவள் இடக்கையை அசைத்தாள். அவன் வலப்பக்கம் போனான். உருண்டை ஒரு சாண் விலகி நின்றது.

"எங்க பார்க்கிற நீ? முன்னால எடுத்துட்டு வா!"

முன்னால் எடுத்துப் பின்னுக்கு வந்தான். மறுபடி விலகியது.

"ஓரின்! கண்ணு அவிஞ்சுபோச்சா? கேமராவப் பாருடா!"

டெல்பெர்ட் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். ஓரின் இரண்டு தடவை தப்பவிட்டு அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. கண்ணாடிக்குள் லவோன் இடுப்பில் கைவைத்து முறைத்தாள். அப்புறம் மெதுவாக அவளுக்குப் புரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

ஓரின் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். "சரியாத் தெரியல. இன்னொரு தடவை காட்டு" என்றான்.