அப்பாவின் பின்னால் வந்த கண்மாய்

அப்பாவுக்கு எந்த ஊருக்கு மாற்றலானாலும் அவர் பின்னாலேயே ஒரு கண்மாயும் வந்துவிடும். வருவாய்த்துறையில் வேலை பார்த்தவர் அவர். மற்ற அதிகாரிகள் பீரோவும் கட்டிலும் பசுமாடும் கொண்டுபோவார்கள். எங்களுக்கு இது கூடுதல்.

அது அவரிடம் ஒட்டிக்கொண்ட கதை சின்னதுதான். அப்பா முதன்முதலில் வேலைக்குப் போன புளியங்குறிச்சியில் கண்மாய் வறண்டு கிடந்தது. அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் அதைத் தூர்த்து மனை போடப் பார்த்தார்கள். அப்பா மேசை நாற்காலியைக் கண்மாய்க்குள் தூக்கிப் போட்டு அங்கேயே ஆபீஸ் நடத்தினார். சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றாலும் பட்டா மாற்ற வேண்டுமென்றாலும் கரை ஏறி இறங்கித்தான் வர வேண்டும். ஆபீஸ் நடக்கிற இடத்தில் மண்ணைக் கொட்ட யாருக்கும் தைரியம் வரவில்லை. ஐப்பசியில் மழை பிடித்தது. தண்ணீர் இடுப்புக்கு ஏறிய பிறகும் அப்பா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாராம். கடுப்பான பெரிய மனிதர்கள் மேலிடத்தில் சொல்லி அவரைத் தூக்கியடித்தார்கள். சாமான் லாரி கிளம்பியபோது கண்மாயும் கிளம்பியது.

அதற்குப் பிறகுதான் நான் பிறந்தேன். அதனால் வீட்டில் கண்மாய் பெரியவள், நான் சின்னவள். அவள்மேல் கல் எறிந்தால் எனக்கு அடி விழும். நான் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்த அன்று அவள் நிரம்பிக் கலிங்கு வழிந்துவிட்டாள், ஊரே அவளைப் பார்க்கப் போய்விட்டது. பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் மாற்றல் நாட்களில் லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து அவள் வருவதைப் பார்க்கும்போது அந்தப் பொறாமை எங்கே போகுமென்று தெரியாது. ஈரச் சேலையை இழுத்துக்கொண்டு நடப்பது போன்ற சத்தத்தோடு தார்ச்சாலையில் வருவாள். தலைக்குமேல் கொக்குகள் வரும். ரயில்வே கேட்டில் நின்று, கேட் திறந்ததும் வருவாள். எதிரே வருகிற பஸ்காரர்கள் ஓரங்கட்டி நின்று, இறங்கிக் கும்பிடுவார்கள்.

அப்பா மட்டும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "வரும்" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

அவள் விட்டுப்போன ஊர்கள் காய்ந்ததும் இல்லை. போகும்போது கிணறுகளில் ஊற்றைத் திறந்துவிட்டுத்தான் போவாள். விஷயம் பரவியதும், தண்ணீர் இல்லாத ஊர்க்காரர்கள் மேலிடத்துக்குப் போய், தாசில்தார் குத்தாலிங்கமான எங்கள் அப்பாவைத் தண்டனையாகத் தங்கள் ஊருக்கு மாற்றும்படி கெஞ்ச ஆரம்பித்தார்கள். அவரும் எங்கே லஞ்சம் நடக்கிறதோ அங்கே போய் விழுந்து வம்பை இழுத்துவைத்துத் தண்டனைக்கு ஏற்பாடு செய்துகொள்வார். கடைசியில் வேலாண்டிபட்டியில் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகு மாற்றல் கிடையாது. கண்மாய் ஊருக்கு மேற்கே படுத்துக்கொண்டாள். பொட்டலாகக் கிடந்த இடமெல்லாம் நெல் வயலானது.

அப்பா இறந்த தை மாதத்தில் நெல் பால் பிடித்து நின்றது. இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் வீட்டுக்கு வந்துவிடும், பாயாவிட்டால் பதர்தான்.

இறந்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவருவதை எங்கள் பக்கம் நீர்மாலை என்போம். அப்பா வேலை பார்த்த ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் தங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடங்களில் கொண்டுவந்திருந்தார்கள். தெருவின் அந்தக் கோடி வரைக்கும் குடங்கள். ஒரு மனிதருக்கு இத்தனை தண்ணீரா என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். அத்தனையும் ஊற்றி முடிப்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது.

கொள்ளி யார் வைப்பது என்ற பேச்சு வந்தது. மகன் இல்லை. நான் வைக்கிறேன் என்றேன். தாய்மாமா சங்கையா யோசித்துச் சொன்னார்.

"மூத்தவ இருக்கையில நீ வைக்கிறது முறையில்லத்தா. அவதான் வைக்கணும்."

பாடை கிளம்பியபோது கண்மாய் மேற்கேயிருந்து எழுந்து, வழக்கம்போல அவர் பின்னால் வந்தாள். சுடுகாட்டில் சிதையை மூன்று முறை சுற்றினாள். விறகில் ஒரு சொட்டு படவில்லை. மாமா தீச்சட்டியை அவள்மேல் வைத்தார். அது அலைமேல் மெல்ல ஆடிக்கொண்டு போய்ச் சிதையைத் தொட்டது. தீ பிடித்தபோது தண்ணீர் முழுவதும் சிவந்தது. கொக்குகள் சத்தமில்லாமல் மேலே நின்றன. எனக்கு அழுகைகூட மறந்துபோய்விட்டது. இப்படி ஒரு மனிதரோடு ஒரே வீட்டில் சோறு தின்றிருக்கிறோம் என்று மட்டும் தோன்றியது.

பிறகுதான் எல்லோருக்கும் பயிர் ஞாபகம் வந்தது. கொள்ளி வைத்தவர் திரும்பிப் பார்க்காமல் வீடு வர வேண்டும். கூட வந்தவர்களும் அப்படித்தான். ஆனால் கண்மாய்க்கு முன்னால் நடந்து பழக்கமில்லை, யார் பின்னாலாவது வரத்தான் தெரியும். இத்தனை காலம் அவள் பின்தொடர்ந்த ஆள் தீக்குள் போய்விட்டார். அவளும் அவர் பின்னாலேயே போய்விட்டால்?

"நீ முன்னால நட தெய்வான. வந்தா வரட்டும்" என்றார் மாமா.

நடந்தேன். ஊரே என்னோடு நடந்தது. பின்னால் விறகு வெடிக்கும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. ஈரச் சேலை இழுபடும் சத்தம் மட்டும் இல்லை. அத்தனை கழுத்துகளும் விறைத்துப்போயிருந்தன. நாலு வயல் பயிர் வைத்திருக்கும் பேச்சியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏத்தா, ஒனக்கு எதும் கேக்குதா?"

"இல்லக்கா."

"அப்ப போயிருச்சா?"

எனக்கும் தெரியவில்லை. அக்கா என்று கண்மாயை ஒரு நாளும் நான் கூப்பிட்டதில்லை. திரும்பிப் பார்த்துவிடலாம் என்று கழுத்து பாதி அசைந்தது. அப்போதுதான் லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அப்பா ஞாபகத்துக்கு வந்தார்.

"வரும்" என்றேன்.

வயல்களைத் தாண்டினோம், தெருவுக்குள் நுழைந்தோம். வீட்டு வாசலில் கால் கழுவ வைத்திருந்த வாளியில் தண்ணீர் இல்லை. நீர்மாலைக்கு எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. காலி வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் குதிகால் நனைந்தது. பிறகு கணுக்கால். துக்கத்தில் அவள் சத்தம் காட்டாமல் நடந்திருக்கிறாள்.

"வாக்கா" என்றேன்.

வீடு வந்துவிட்டதால் இனித் திரும்பலாம். திரும்பினேன். வாசலிலிருந்து வயல்வரைக்கும் தண்ணீர் நின்றது. தெருவில் எல்லோரும் குனிந்து அதில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது எங்களுக்குச் சொன்னது. பின்னால் வரக் கூடாது என்று அப்பாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. தண்ணீரின் அந்தக் கடைசியில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் கண்மாயின் பின்னால் வந்துகொண்டிருந்தார். பின்னால் நடந்து பழக்கமில்லாததால் கொஞ்சம் பிந்திவிட்டார்.

மாமா உள்ளே பார்த்து, இன்னொரு இலை போடச் சொன்னார்.