தண்ணீர்ப் பந்தல் போட்ட அண்ணன்

மாரக்காளுக்குக் கூடப் பிறந்தவன் கிடையாது. கொல்லிமலை மேல் ஈச்சம்பாறையில் அண்ணன் தம்பி இல்லாத பெண் பாதி அநாதை. மகள் பொன்னாத்தாளுக்குக் காது குத்திய அன்று, குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள மாமன் முறைக்கு ஆளில்லாமல் அவள் கண் கலங்கி நின்றாள். பலாப்பழம் வாங்க எருமப்பட்டியிலிருந்து ஏறி வந்திருந்த கைலாசம் அதைப் பார்த்தான். தோள் துண்டை உதறிவிட்டுப் பாயில் உட்கார்ந்து மடியைத் தட்டினான்.

"கொண்டாங்க அம்மிணி புள்ளைய. நானிருக்கறப்ப மாமன் இல்லைன்னு எவன் சொல்றது?"

அவ்வளவுதான், அன்று முதல் அவன் அண்ணன். பொங்கல் தவறாமல் சீர்ச் சேலையோடு மலையேறி வருவான். மாரக்காள் ஊற்றுகிற சாமைக் கூழைக் குடித்துவிட்டு, கீழே இப்படியொரு ருசி கிடையாது என்று சத்தியம் பண்ணுவான். அந்தப் பாசம் பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் பின்னால் இவ்வளவு வலித்திருக்காது.

ஊருக்கு மேலே பாறை இடுக்கில் ஒரு சுனை. அதிலிருந்து இறங்கும் வாய்க்கால்தான் பள்ளத்து வயல்கள் அத்தனைக்கும் உயிர். சுனைத் தண்ணீரில் ஒருவனுக்குப் பங்கு கொடுப்பதென்றால், ஊர் கூடி நிற்க, அந்தத் தண்ணீரையே அவன் கையில் வார்த்துக் கொடுப்பார்கள். வார்த்தது வார்த்ததுதான். திருப்பிக் கேட்டால் சுனை வற்றிவிடும் என்று நம்பினார்கள்.

அறுபதாம் வருஷ வாக்கில் ஓர் ஆடி மாதம் கைலாசம் ஊர்ச் சபையில் கை கூப்பி நின்றான். "ஆடிக்கு அருவியில குளிக்க ஏறி வர்ற சனம் நாக்கு வறண்டு வருதுங்க. ஒரு தண்ணிப் பந்தல் போட்டுப் புண்ணியம் கட்டிக்கறேன். சுனையில ஒரு பங்கு குடுங்க."

தாகத்துக்குத் தண்ணீர் இல்லை என்று சொன்ன வாய் அந்த ஊரில் இல்லை. ஊர்ப் பெரியதனம் சின்னண்ணன் மட்டும் தாடையைச் சொறிந்தார். "கீழ்நாட்டு ஆளு. நாளைக்கு ஒண்ணுன்னா யாரைக் கேக்கறது?"

"என்னையக் கேளுங்க மாமா. என்ற அண்ணன் வாக்கு என்ற வாக்கு" என்றாள் மாரக்காள். தன் கையாலேயே செம்பைச் சாய்த்து வார்த்தாள். கைலாசம் உள்ளங்கைத் தண்ணீரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பார்த்தவர்களுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

ஆடி போயிற்று, பந்தல் போகவில்லை. கீற்றுக் கூரை ஓடாயிற்று, ஓட்டுக்கடியில் சுவர் எழும்பிற்று, சுவருக்குள் அறைகள் வந்து விடுதியாயிற்று. ஜீப் ஏறுகிற பாதை வந்ததும் குமாரபாளையத்துத் தறி முதலாளிகளும் சேலத்து வக்கீல்களும் குடும்பத்தோடு குளிர்ச்சி தேடி வந்து இறங்கினார்கள். கீழே வெயிலில் வெந்த உடம்பு, ஒரு நாளைக்கு எத்தனை தரம் குளித்தாலும் ஆசை அடங்குமா? அறைக்கொரு குளியலறை கட்டினான் கைலாசம். சுனை வாயில் சிமெண்டுத் தொட்டி, தொட்டியிலிருந்து இரும்புக் குழாய். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பார்கள். இவன் மடத்தையும் கட்டிக்கொண்டு சுனையையும் பிடுங்கினான்.

வாய்க்கால் இளைத்தது. ஊர் முணுமுணுத்தது. மாரக்காள்தான் அவனுக்காக வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போனாள். "மழை குறைச்சல். அதுக்கு என்ற அண்ணன் என்ன பண்ணுவாரு?"

சில வருஷம் கழித்து ஒரு மார்கழியில் இரண்டாம் போக நாற்று தண்ணீரில்லாமல் மஞ்சளாய்ப் பழுத்தபோது அவளாலும் சும்மா இருக்க முடியவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு விடுதிக்குப் போனாள். "பகலெல்லாம் நீங்க வச்சுக்குங்க அண்ணா. பொழுது சாஞ்சா மடையைத் திறந்து உடுங்க. நாத்துப் பொழைச்சுக்கும்."

"இதுக்குப் போயா அம்மிணி இந்த முகம்?" கைலாசம் சிரித்தான். பொன்னாத்தாள் தலையில் கை வைத்தான். "இந்தப் புள்ள மேல சத்தியம். இன்னைக்கே திறக்கறேன்."

மாரக்காள் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாள். எல்லோரும் மண்வெட்டியோடு வாய்க்காலோரம் காத்து நின்றார்கள். ஒரு சொட்டு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சருகு அடைத்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு, விடிந்ததும் அவள் தனியாகத் தொட்டிக்கு ஏறிப் போனாள். சருகு இல்லை. வாய்க்கால் பிரிகிற மடையையே செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தது. தொட்டுப் பார்த்தாள், பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. சத்தியத்துக்குப் பிறகு பூசிய பூச்சு.

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். தண்ணீர் போனதற்காக மட்டுமல்ல. தன் பிள்ளையின் தலையை அவன் பொய்க்கு முட்டாக வைத்துவிட்டானே என்று அழுதாள்.

பொங்கலன்று கைலாசம் வழக்கம்போல் தாம்பாளத்தில் சீர்ச் சேலையோடு வந்தான். வாசலில் ஊரே நின்றது. நாற்றங்கால்கள் வெடித்துக் கிடந்தன.

"மடையை அடைச்சது நீங்கதானுங்களா?" என்று கேட்டாள் மாரக்காள்.

"கூட்டம் நெறைய அம்மிணி. வர்ற கோடையும் கழியட்டும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நானாப் புடுங்கலை. ஊரறிய நீதான வார்த்துக் குடுத்த?"

"குடிக்கத்தானுங்க குடுத்தேன்."

"சரி, வயல் போனாப் போகுது. விடுதியில துணி தொவைக்க ஆள் வேணும், வந்துரு. தங்கச்சிக்கு இல்லாததா?" அவள் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான். "மாசியில பொன்னாத்தா கல்யாணத்தை வச்சுக்கிட்டு மாமனை மொறைச்சுக்கலாமா? மாமன் இல்லாம எந்தச் சீரு நடக்கும்?"

மாரக்காள் உள்ளே போய் அன்றைக்கு வார்த்த அதே செம்பை எடுத்து வந்தாள். தாம்பாளத்தை வாங்கி வாசல் மண்ணில் வைத்தாள். நடந்தாள்.

செத்தவனுக்குத் தலை முழுகுவது எங்கும் உண்டு. உயிரோடு இருக்கிறவனின் உறவை அறுத்தாலும் அப்படித்தான் முழுகுவார்கள். முழுகிவிட்டால் பேச்சும் இல்லை, சீரும் இல்லை. முழுக வாய்க்காலில் தண்ணீர் வேண்டுமே! அவள் நேரே விடுதி முற்றத்துக்குப் போனாள். குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த விருந்தாளிகள் நுரை வாயோடு ஒதுங்கினார்கள். பின்னாலேயே ஓடி வந்த கைலாசத்துக்கு மூச்சு வாங்கியது.

"அம்மிணி, வேண்டாம். ஆளுங்க பாக்கறாங்க!"

"பாக்கட்டும்." செம்பு நிரம்பியது. கட்டிய சேலையோடு தலையில் ஊற்றிக்கொண்டாள். "எனக்குக் கூடப் பொறந்தவன் கெடையாது. இருந்தவனுக்கும் தலை முழுகிட்டேன்."

சின்னண்ணன் தவித்துப்போனார். "புள்ள கல்யாணத்தை நெனைச்சுப் பாரு, தாயி!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பொன்னாத்தாள் வந்தாள். மாமனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னலை அவிழ்த்துவிட்டு அம்மா முன்னால் குனிந்து உட்கார்ந்தாள்.

"இந்தத் தலையிலதான கை வச்சாரு? எனக்கும் ஊத்து."

மாரக்காள் செம்பை மறுபடி நிரப்பினாள். மகள் தலையிலும் ஊற்றினாள். கைலாசம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பொன்னாத்தாள் எழுந்தபோது தாய்க்கும் மகளுக்கும் குளிரில் பல் கிட்டியது. நாலடி நடந்த மாரக்காள் திரும்பி வந்து, திறந்து கிடந்த குழாயை இறுக்கி மூடிவிட்டுப் போனாள். தண்ணீரை வீணாக விட்டு அவளுக்குப் பழக்கமில்லை.