மூன்றாம் தரத்துக்கு முன்னால்

விறகுக்கடைக்காரரைச் சுட விறகு இல்லை. இந்தக் கூத்தை யாரிடம் சொல்லி அழுவது? மமதா அப்பாவின் கடைக்குப் போய்த் தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தாள். மூலையில் கொஞ்சம் மரப்பட்டையும் கரையான் தின்ற வேர்க்கட்டைகளும் கிடந்தன. பெரிய தராசு துருப்பிடித்துத் தொங்கியது. ஒரு அடுப்புக்குக்கூடக் காணாது.

பக்கத்திலேயே வீடு. வாசலில் பெஞ்சின் மேல் அப்பா முனியப்பன் மாலையோடு கிடந்தார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

ஒரு காலத்தில் ஊரிகம் என்ற இந்தச் சுரங்க ஊரில் எந்தச் சாவுக்கும் இந்தக் கடையிலிருந்துதான் விறகு போகும். சர்க்கார் காட்டில் தைல மரம் வெட்டினால் குவியல் குவியலாக அடுக்கி ஏலம் விடுவார்கள். ஓட்டல்காரன், செங்கல் சூளைக்காரன், கட்டில் செய்கிறவன், யார் வேண்டுமானாலும் போய் நின்று விலை கேட்கலாம். அப்புறம் ஒரு வருஷம் ஏலமே வரவில்லை. மொத்தக் காட்டையும் ஒரே உத்தரவில் வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். கேட்டதற்குத் தொழில் வளர்ச்சி என்றார்கள். அப்பா பெங்களூர் ஹைகோர்ட்டுக்குப் போனார்.

"பொதுச் சொத்தும்மா அது. நாலு பேரு காதுல விழறா மாதிரி கூவி விக்கணும். ரூமுக்குள்ள கதவ சாத்திக்கினு வித்தா அதுக்குப் பேரு இன்னா?" என்பார்.

வழக்கு இழுத்தது. கடை காலியானது. வாய்தாவுக்கு வாய்தா அப்பா காலை ரயிலில் போனார். அதே ரயிலில்தான் அண்ணன் சுனிலும் பெங்களூருக்கு வேலைக்குப் போனான். ஆனால் அப்பா ஏறுகிற பெட்டியில் அவன் ஏறமாட்டான். கூட வருகிறவர்கள் 'ஹைகோர்ட் முனியப்பன் மகன்' என்று கிண்டல் செய்வார்களாம். அப்பாவுக்கு அது தெரியும். தெரிந்தேதான் கடைசிப் பெட்டிக்கு நடந்து போவார்.

காலையிலேயே வக்கீல் போனில் சொல்லிவிட்டார். கடை லைசென்சில் அப்பாவோடு சுனில் பெயரும் இருக்கிறது. அவன் கையெழுத்துப் போட்டு முன்னால் வந்தால் வழக்கு தொடரும். இல்லையென்றால் அப்பாவோடு அதுவும் போய்விடும். சுனிலிடம் சொன்னாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அவரையே தின்னுட்ச்சி அந்த கேஸு. இனி நம்பளையும் தின்னணுமா? உட்டுடு மமதா."

வெளியே டிராக்டர் சத்தம் கேட்டது. பக்கத்து லைன் வீட்டு ஆர்தர் மாமா, சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர், எட்டிப் பார்த்து, "கோவிந்தன் வரான்" என்றார். டிராக்டர் நிறையத் தைல மரக் கட்டைகள். கோவிந்தன் இதே கடையில் விறகு பிளந்து வளர்ந்த ஆள். இப்போது அந்தக் கம்பெனிக்கு உள்ளூர் ஏஜெண்ட். ஊரில் யாருக்கு விறகு வேண்டுமென்றாலும் அவனிடம்தான் போகவேண்டும்.

அவன் இறங்கி வந்து அப்பா காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அது நடிப்பில்லை. பிறகு அவன் எழுந்து சுனில் தோளில் கைவைத்தான்.

"மொதலாளிக்கி என்னால ஆனது. காசு கீசுன்னு வாயத் தொறக்காதீங்க. இதோட பழசு எல்லாத்தியும் முட்ச்சிக்கலாம் தம்பி. இன்னா சொல்றே?"

சுனில் தலையாட்டப் போனான்.

"வேணாண்ணா," என்றாள் மமதா.

"இன்னா பாப்பா?"

"சும்மா வேணாம். ஏலம் உடுங்க."

கூட்டத்தில் சலசலப்பு. "சாவு வூட்ல இன்னாடி பேச்சு இது?" என்று ஒரு கிழவி மாரில் அடித்துக்கொண்டாள். கோவிந்தன் முகம் சுருங்கிப்போனது.

"எங்கப்பா கூவாத கட்டைய கையால தொட்டதில்ல. உங்களுக்குத் தெரியாததா? நீங்களே கூவுங்க."

கோவிந்தன் கிடத்தியிருந்தவரைப் பார்த்தான். ஏலத்துக்குப் போகும்போதெல்லாம் அவனைத்தான் அப்பா கூட அழைத்துப் போவார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, டிராக்டர் சக்கரத்தில் கால்வைத்து ஏறி நின்றான்.

"தைல மரம், ஒரு லோடு. கேக்கறவங்க கேக்கலாம்."

ஆர்தர் மாமா செருமினார். "ஆயிரம்," என்றார். அவருக்கு எதற்கு விறகு? அவர் கிறிஸ்தவர், என்றைக்குப் போனாலும் கல்லறைத் தோட்டத்தில் ஆறடி மண்தான். இருந்தாலும் ஏலம் என்றால் ஒருத்தருக்கு எதிராக இன்னொருத்தர் வேண்டுமே.

"ரெண்டாயிரம்," என்றாள் மமதா.

"ரெண்டாயிரம் ஒரு தரம்." கோவிந்தன் குரல் கரகரத்தது. "ரெண்டாயிரம் ரெண்டு தரம்."

அங்கே நிறுத்தினான். அது அப்பா சொல்லிக் கொடுத்தது. இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவில் மூச்சு விட இடம் கொடுக்கணும்டா, பயந்தவன் அப்பத்தான் வாய் தெறப்பான், என்பார். சர்க்கார் ஏலத்தில் கூவுகிறவன் அவசரப்பட்டால் அவனோடு சண்டைக்கே போவார். மமதா பெஞ்சின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவில் யாரோ குழந்தையை அதட்டும் சத்தம் கேட்டது. கோவிந்தன் இன்னும் கூவவில்லை.

"மூவாயிரம்."

சுனில்தான். குரல் உடைந்திருந்தது. இன்னொரு தரம், தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான். "மூவாயிரம்! முனியப்பன் மகன் கேக்கறேன்."

மமதா அதற்கு மேல் விலை கேட்கவில்லை. ஆர்தர் மாமா தொப்பியைக் கழற்றிக்கொண்டார். கோவிந்தன் ஒரு தரம் கூவினான், இரண்டு தரம் கூவினான், மறுபடியும் நிறுத்தி எல்லார் முகத்தையும் பார்த்தான். பிறகு மெதுவாக, "மூணு தரம்," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினான். சுனில் நோட்டுகளை எல்லாரும் பார்க்க அவன் கையில் வைத்தான். கோவிந்தன் வாங்கிக்கொண்டான்.

டிராக்டரின் பின்கதவு விழுந்தது. மயானத்துக்கு அப்படியே ஓட்டிப் போயிருக்கலாம். சுனில் அதற்கு விடவில்லை. ஆபீஸ் சட்டையோடு ஏறி, இருப்பதிலேயே நீளமான கட்டையை இழுத்தான். தனியாகத் தூக்க முடியவில்லை.

"வக்கீலு நம்பரு உங்கிட்ட இருக்கா?" என்று கட்டையைப் பார்த்தபடி கேட்டான்.

மமதா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டையின் மறுமுனையைத் தோளில் ஏற்றினாள்.